திறமூல மெய்யியல் பாடத்திற்கான வாசிப்புகள்: ஒரு மதிப்பீடு

திறமூல மெய்யியல் என்பது, ஒரு மென்பொருளின் மூலநிரலை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம், யார் பிறருக்குக் கொடுக்கலாம் என்னும் கேள்விகளையும், அவற்றின் பின்னால் உள்ள அறம், சட்டம், பொருளியல் ஆகியவற்றையும் ஆராயும் துறையாகும். கணினி அறிவியல், சட்டம், சமூகவியல், நூலகவியல் முதலிய துறைகளில் இது தனிப் பாடமாகவோ ஒரு பாடத்தின் அலகாகவோ கற்பிக்கப்படுகிறது. இதற்கென அனைவரும் ஏற்றுக்கொண்ட ஒரே பாடநூல் இல்லை. அறிக்கைகள், கடிதங்கள், உரிமங்கள், கட்டுரைகள், ஆய்வு நூல்கள் ஆகியவற்றிலிருந்து ஆசிரியரே தேர்ந்து தொகுக்க வேண்டியுள்ளது.

எதைத் தேர்கிறோம், எதை முதலில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து மாணவர் அடையும் முடிவே மாறிவிடும். இவ்வாசிப்புகளை ஒரு வெற்றிக் கதையாக அடுக்கலாம்; இன்னும் தீர்ப்பு வராத ஒரு வழக்காகவும் அடுக்கலாம். இரண்டாவது முறையே மாணவருக்கு அதிகம் பயன்படும் என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. அவ்வழக்கின் மையக் கேள்வி எளிமையானது: எல்லாரும் பயன்படுத்தும் ஒன்றை உருவாக்கி, பழுதுபார்த்துக் காப்பவருக்கு யார் பொறுப்பு?

வழக்கமான தொடக்கமும் அதன் குறையும்

இத்துறையில் பலரும் முதலில் படிப்பது எரிக் ரேமண்டு எழுதிய ‘தி கதீட்ரல் அண்ட் தி பசார்’ (பேராலயமும் சந்தையும்) என்னும் கட்டுரையாகும். 1997 மே மாதம் ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் நகரில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் வாசிக்கப்பட்ட இக்கட்டுரை, 1999இல் நூலாக வெளிவந்தது. ஒரு சிறு குழு மூடிய அறைக்குள் கட்டி முடித்து வெளியிடுவது பேராலய முறை. பலரும் வந்து பார்க்க, திருத்த, அடிக்கடி வெளியிட்டுக்கொண்டே வளர்ப்பது சந்தை முறை. ரேமண்டு, ஃபெட்ச்மெயில் என்னும் தம் நிரலைச் சந்தை முறையில் வளர்த்த அனுபவத்திலிருந்து 19 பாடங்களைத் தொகுத்துக் கொடுக்கிறார். நடை எளிமையானது, உவமை மனத்தில் நிற்பது. முதல் வாரத்திற்கு இதைத் தேர்ந்தெடுக்கத் தோன்றுவது இயல்பே.

ஆனால் முதலில் இதைப் படிக்கும் மாணவர் இரண்டு தவறான எண்ணங்களைப் பெறக்கூடும். பேராலயம் என்றால் தனியுரிம நிறுவனங்கள், சந்தை என்றால் கட்டற்ற மென்பொருள் என்று கொள்வது முதலாவது. ரேமண்டு பேராலய முறைக்குக் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று ஈமாக்ஸ். அது ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டத்தின் மென்பொருள், கட்டற்ற மென்பொருள். ஆகவே அக்கட்டுரை ஒப்பிடுவது உருவாக்கும் முறைகளை மட்டுமே. மூடிய மென்பொருள் சரியா தவறா என்னும் கேள்வியை அது மையமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இவ்வியக்கம் 1997ஐ ஒட்டித்தான் தொடங்கியது என்று எண்ணுவது இரண்டாவது தவறு. உண்மையில் அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே, 1983 செப்டம்பரில், ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்துவிட்டார்.

ரேமண்டின் கட்டுரைக்குள்ளேயே ஒரு நல்ல பாடம் ஒளிந்திருக்கிறது. அதன் முதல் வடிவத்தில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்னும் பொருள் தரும் சொல்லே இருந்தது. 1998 பிப்ரவரி தொடக்கத்தில் ‘திறமூலம்’ என்னும் புதிய பெயரைக் கிறிஸ்டின் பீட்டர்சன் முன்மொழிந்தார். அதே மாதத்தில் ரேமண்டு தம் கட்டுரையில் பழைய சொல்லை எடுத்துவிட்டுப் புதிய சொல்லை வைத்தார். நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை வெளியிடப்போவதாக அறிவித்திருந்த நேரம் அது. நிறுவனங்களை அச்சுறுத்தாத ஒரு பெயர் தேவைப்பட்டது. ஒரு சொல் மாறும்போது என்ன சேர்கிறது, என்ன விடுபடுகிறது என்பதை இந்த ஒரு திருத்தத்தை வைத்தே வகுப்பில் விவாதிக்கலாம்.

கேட்ஸின் கடிதம்

பாடத்தைத் தொடங்க ஏற்றது எதிர்த்தரப்பின் ஆவணமான, 1976 பிப்ரவரி 3 தேதியிட்ட பில் கேட்ஸின் ‘பொழுதுபோக்காளர்களுக்குத் திறந்த மடல்’. ஒரே பக்கம் கொண்டது. ஆல்டேர் கணினிக்காக அவரும் கூட்டாளிகளும் எழுதிய பேசிக் மொழிபெயர்ப்பியைப் பலர் விலை கொடுக்காமல் படியெடுத்துப் பயன்படுத்தினர். ஆல்டேர் வைத்திருப்பவர்களுள் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே அதை வாங்கியுள்ளனர் என்றும், கிடைத்த வருவாயைக் கணக்கிட்டால் செலவிட்ட உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்றும் கேட்ஸ் முறையிடுகிறார். கூலி இல்லாமல் தொழில்முறை வேலையை யார் செய்வார் என்பது அவருடைய கேள்வி.

மாணவர் இக்கடிதத்தை நேர்மையாகப் படிக்க வேண்டும். கேட்ஸ் பின்னாளில் அடைந்த செல்வத்தை நினைத்துச் சிரித்துவிட்டுக் கடந்துவிடுவது எளிது. கடிதம் எழுதியபோது அவர் 20 வயது இளைஞர்; கேள்வியும் நியாயமானது. அடுத்து வரும் எல்லா வாசிப்புகளையும் அக்கேள்விக்கான விடைகளாகவே படிக்கலாம்.

குனு அறிக்கை

ஸ்டால்மனின் குனு அறிக்கை 1985 மார்ச்சில் ‘டாக்டர் டாப்ஸ் ஜர்னல்’ இதழில் வெளிவந்தது. அதை முழுமையாகக் கொடுப்பது இன்றியமையாதது. தொகுப்பில் பக்கம் குறைக்க வேண்டி வந்தால் முதலில் வெட்டத் தோன்றுவது அதன் பின்பாதி. ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எழுப்பி விடை சொல்லும் அப்பகுதி நீளமானது. சில இடங்களில் திரும்பத் திரும்ப ஒன்றையே பேசுவது. ஆனால் கேட்ஸின் கேள்விக்கு நேரடியான விடை அங்கேதான் இருக்கிறது.

நிரலர்களுக்கு இப்போதுள்ள அளவு வருவாய் கிடைக்காமல் போகலாம் என்று ஸ்டால்மன் ஒப்புக்கொள்கிறார். பயிற்சி அளித்தல், தேவைக்கேற்ப மாற்றித்தருதல் போன்ற பணிகளால் வாழலாம் என்கிறார். அதற்கு மேலும் ஒரு படி சென்று, கணினி வாங்குவோர் விலையில் ஒரு பங்கை மென்பொருள் வரியாகச் செலுத்தி, அதைக் கொண்டு நிரலாக்கத்திற்கு நிதி அளிக்கலாம் என்னும் யோசனையையும் வைக்கிறார். இந்த யோசனை எங்கும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனாலும், ஸ்டால்மன் பணத்தைப் பற்றிச் சிந்திக்காத இலட்சியவாதி என்னும் பரவலான எண்ணத்தை இந்தப் பக்கங்கள் திருத்துகின்றன.

அறிக்கையுடன் சேர்த்துப் படிக்க ஏற்றது சாம் வில்லியம்சு எழுதிய ஸ்டால்மனின் வாழ்க்கை வரலாறு (2002). எம்.ஐ.டி. ஆய்வகத்தின் ஜெராக்ஸ் அச்சுப்பொறி அடிக்கடி தாள் சிக்கி நின்றதும், அதைச் சரிசெய்ய மூலநிரல் கேட்டபோது மறுக்கப்பட்டதும் இந்நூலில் விரிவாக உள்ளன. இது திருத்த அனுமதிக்கும் உரிமத்தில் வெளிவந்தது. அந்த உரிமையைப் பயன்படுத்தி ஸ்டால்மனே தம் வரலாற்றைத் திருத்தி, 2010இல் இரண்டாம் வடிவமாக வெளியிட்டார். ஒருவருடைய வரலாற்றை அவரே திருத்தலாமா? மென்பொருளுக்குப் பொருந்தும் உரிமை வரலாற்று நூலுக்கும் பொருந்துமா? இரு வடிவங்களிலிருந்தும் ஒரே அத்தியாயத்தை எடுத்து ஒப்பிடச் செய்தால் மாணவரே விவாதத்தைத் தொடங்கிவிடுவர்.

உரிமங்களே மூல நூல்கள்

இத்துறையின் தனிச்சிறப்பு, அதன் மெய்யியல் சட்ட ஆவணங்களில் எழுதப்பட்டிருப்பது. ஆகவே உரிமங்களைப் பற்றிய கட்டுரைகளுக்கு முன்பு உரிமங்களையே படிக்கக் கொடுக்க வேண்டும். எம்.ஐ.டி. உரிமம் ஒரு பக்கத்துக்குள் அடங்குவது. பதிப்புரிமைக் குறிப்பை நீக்காதே, எங்கள் மேல் பொறுப்பு சுமத்தாதே என்னும் இரண்டைத் தவிர அது பெரிதாக எதையும் கேட்பதில்லை. 1989இல் முதலில் வெளிவந்து, 1991, 2007 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்ட குனு பொதுமக்கள் உரிமம் நீளமானது. மாற்றிய நிரலைப் பிறருக்குக் கொடுத்தால் அதே உரிமையுடன் கொடுக்க வேண்டும் என்னும் கடமையை அது விதிக்கிறது.

இவற்றோடு, 0 முதல் 3 வரை எண்ணிடப்பட்ட கட்டற்ற மென்பொருளின் நான்கு உரிமைகளையும், டெபியன் திட்டத்தின் 1997ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளிலிருந்து புரூஸ் பெரன்சு உருவாக்கிய பத்து அம்சத் திறமூல வரையறையையும் அருகருகே வைக்கலாம். நடைமுறையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மென்பொருள்களையே ஏற்கின்றன. வேறுபாடு காரணங்களில் உள்ளது. முன்னது பயனரின் உரிமையிலிருந்து தொடங்குகிறது. பின்னது உரிமம் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளிலிருந்து தொடங்குகிறது. திறமூலம் என்னும் பெயர் அறக்கேள்வியை மறைத்துவிடுகிறது என்று ஸ்டால்மன் 2007இல் எழுதிய கட்டுரையை இதற்குப் பின் கொடுத்தால்தான் அவருடைய சினத்தின் காரணம் விளங்கும். முன்னதாகக் கொடுத்தால் அது வெறும் பெயர்ச் சண்டையாகத் தோன்றும்.

ரேமண்டை மறுவாசிப்பு செய்தல்

இந்த நிலையில் ரேமண்டின் கட்டுரையைக் கொடுப்பது பொருத்தம். அதற்கு மாற்றுக் குரலாக நிக்கொலாய் பெஸ்ருக்கோவ் 1999இல் ‘ஃபர்ஸ்ட் மண்டே’ இதழில் எழுதிய விமர்சனத்தைச் சேர்க்கலாம். திறமூல உருவாக்கத்தைச் சந்தை என்பதைவிடக் கல்விசார் ஆய்வின் ஒரு வகை என்று பார்ப்பதே பொருந்தும் என்கிறார் அவர். ஆய்வுலகில் உள்ள புகழ் நாட்டம், அதிகாரப் போட்டி, சோர்வு எல்லாம் இங்கும் உண்டு என்பது அவர் வாதம்.

பார்ப்பவர் எண்ணிக்கை கூடக்கூட வழுக்களைக் கண்டுபிடிப்பது எளிதாகும் என்னும் கருத்தை ரேமண்டு லினஸ் டோர்வால்ட்சின் பெயரால் ஒரு விதியாகவே வைத்தார். அதை இரண்டு நிகழ்வுகளால் சோதிக்கலாம். இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் கடும் வழு 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் நுழைந்தது. 2014 ஏப்ரலில்தான் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. உலகம் முழுதும் நம்பியிருந்த அந்நிரலுக்கு அதுவரை ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர் மட்டுமே. நிரல் திறந்திருந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை.

இரண்டாவது, 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சுருக்கு நிரலில் கண்டுபிடிக்கப்பட்ட பின்வாசல். தனியாளாக அதைப் பராமரித்துவந்தவருக்கு உதவுவதுபோல் வந்த ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பில் பங்கு பெற்று, பின்வாசலைச் சேர்த்தார். தொலைவுக் கணினிக்குள் நுழையும் நேரம் சுமார் அரை நொடி கூடியிருப்பதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்டு என்னும் பொறியாளர் அதைக் கண்டறிந்தார். நிரல் திறந்திருந்ததால் அவரால் உள்ளே சென்று தேட முடிந்தது. ஆனால் துணையின்றிக் களைத்திருந்த ஒரு பராமரிப்பாளரின் நிலைதான் அந்தத் தீங்குக்கு வழியும் திறந்தது. ரேமண்டின் விதிக்குச் சான்று, மறுப்பு என இரண்டாகவும் இந்நிகழ்வைப் படிக்கலாம்.

ஆய்வு நூல்கள்

சட்ட அறிஞர் யோக்காய் பெங்க்லர் 2002இல் ‘யேல் லா ஜர்னல்’ இதழில் எழுதிய நீண்ட கட்டுரை, நிறுவனமும் இல்லாமல் விலையும் இல்லாமல் மக்கள் எவ்வாறு கூடி உற்பத்தி செய்கிறார்கள் என்பதை விளக்குகிறது. வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரிக்க முடிய வேண்டும், துண்டுகளை எளிதில் இணைக்க முடிய வேண்டும் என்னும் அவருடைய நிபந்தனைகள் விக்கிப்பீடியாவுக்கும் பொருந்தும். இளநிலை மாணவருக்கு முழுக் கட்டுரையும் கடினம். முன்னுரையும் முடிவுரையும் போதும். அரசியல் அறிஞர் ஸ்டீவன் வெபரின் 2004ஆம் ஆண்டு நூல் சொத்து என்னும் கருத்தையே மாற்றிக் காட்டுகிறது. பிறரை விலக்கும் உரிமையைச் சுற்றி அமைந்த சொத்து, இங்கே பகிரும் உரிமையைச் சுற்றி அமைகிறது என்பது அதன் மையக் கருத்து.

மானிடவியல் நூல்கள் இரண்டு. கிறிஸ்டோபர் கெல்ட்டியின் ‘டூ பிட்ஸ்’ (2008), தாம் கூடிப் பேசுவதற்கான கருவிகளையே தாமே உருவாக்கிக் காக்கும் மக்கள் திரளைப் பற்றிய கோட்பாட்டை முன்வைக்கிறது. அதன் களங்களுள் பெங்களூரும் ஒன்று. நிரலுலகின் பழக்கங்களைப் பாடநூல் உருவாக்கத்திற்குக் கொண்டுசென்ற ரைஸ் பல்கலைக்கழகத்தின் கனெக்‌ஷன்ஸ் திட்டத்தை ஆராயும் பகுதி, ஆசிரியப் பயிற்சி மாணவருக்கு மிகவும் ஏற்றது. கேப்ரியெல்லா கோல்மனின் ‘கோடிங் ஃபிரீடம்’ (2013) டெபியன் நிரலர்களிடையே வாழ்ந்து எழுதியது. புதிய உறுப்பினர் சேரும்போது மென்பொருள் திறமையோடு உரிமங்களைப் பற்றிய புரிதலும் சோதிக்கப்படுவதை அது விவரிக்கிறது. ஒன்றை மட்டுமே சேர்க்க இடமிருந்தால் கோல்மனின் நூலைத் தேர்வது நல்லது. கோட்பாட்டைவிட மனிதர்கள் அதில் தெளிவாகத் தெரிகிறார்கள்.

விடுபடும் குரல்கள்

மேலே உள்ள பட்டியலின் அறிக்கைகளும் கடிதங்களும் பெரும்பாலும் அமெரிக்க ஆண்கள் எழுதியவை. 2017இல் கிட்ஹப் நடத்திய கணக்கெடுப்பில் பதிலளித்த திறமூலப் பங்களிப்பாளருள் பெண்கள் 3 விழுக்காடே. திறந்த கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறதா என்னும் கேள்வியை எழுப்பும் ஜோசப் ரீகிளின் 2013ஆம் ஆண்டுக் கட்டுரை இங்கு இடம்பெற வேண்டும். விருப்பமுள்ளவர் வரலாம் என்னும் சுதந்திரமே, வந்தவரை விரட்டும் நடத்தைக்கும் எவ்வாறு மறைப்பாகிவிடுகிறது என்பதை அவர் காட்டுகிறார்.

நாடியா எக்பால் ஃபோர்டு அறக்கட்டளைக்காக எழுதிய ‘ரோட்ஸ் அண்ட் பிரிட்ஜஸ்’ (2016) அறிக்கை பாடத்தின் முடிவுக்குப் பொருத்தமானது. சாலை, பாலம் போலத் திறமூல நிரல்களும் பொதுக் கட்டமைப்பு. அவற்றைப் பராமரிக்க யாரும் ஒதுக்கீடு செய்வதில்லை என்பது அதன் வாதம். பெரும் நிறுவனங்களும் அரசுகளும் பயன்படுத்தும் நிரலை ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் கவனித்துவருவதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது. 40 ஆண்டுகளுக்கு முன் கேட்ஸ் கேட்ட கேள்வி இங்கே வேறு ஒருவர் வாயிலிருந்து திரும்ப வருகிறது. கேட்ஸ் விற்பனைக்காகக் கேட்டார். எக்பால் பொதுச்சொத்தின் நலனுக்காகக் கேட்கிறார்.

வாசிப்புகளின் உரிமங்கள்

இந்த வாசிப்புகள் எந்த உரிமத்தில் கிடைக்கின்றன என்பதும் பாடத்தின் பகுதியே. கெல்ட்டியின் நூல், வணிக நோக்கமின்றி மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் உள்ளது. வெபரின் நூல் வழக்கமான பதிப்புரிமையில் உள்ளது. குனு அறிக்கையை அப்படியே படியெடுக்கலாம். ஆனால் மாற்றிய வடிவம் வெளியிட அனுமதி இல்லை. மென்பொருளை மாற்றும் உரிமைக்காகப் போராடியவர் தம் எழுத்தை மாற்ற அனுமதிக்கவில்லையே என்று மாணவர் கேட்பது உறுதி. செயல்படும் கருவி வேறு, ஒருவருடைய கருத்தைச் சொல்லும் எழுத்து வேறு என்பது ஸ்டால்மனின் விடை. அந்த விடை போதுமா என்பதை வகுப்பே முடிவு செய்யட்டும்.

இந்திய மாணவருக்கு இதனுடன் நேரடித் தொடர்புடைய வழக்கு ஒன்று உண்டு. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாட வாசிப்புகளை ஒளிநகல் எடுத்துத் தொகுத்து விற்ற கடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எதிராக, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கற்பித்தலுக்கு அளிக்கும் விலக்கின் அடிப்படையில், 2016 செப்டம்பர் 16 அன்று தில்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு அவ்விலக்கை ஏற்றுக்கொண்டு, எடுக்கப்பட்ட பகுதிகள் கற்பித்தலுக்குத் தேவையானவையா என்பதை விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கிலிருந்து விலகிக்கொண்டன. மாணவர் கையில் இருக்கும் ஒளிநகல் தொகுப்பே திறமூல மெய்யியலின் கேள்விகளை எழுப்பும் பொருள்தான் என்பதை இத்தீர்ப்பு உணர்த்தும்.

தமிழில் கற்பிக்கும்போது

ஆங்கிலத்தில் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால், அந்நூல்கள் அக்குழப்பத்தை நீக்கவே பல பத்திகளைச் செலவிடுகின்றன. தமிழில் இச்சிக்கல் இல்லை. ‘இலவசம்’, ‘விலையில்லா’ ஆகியவை ஒன்றைக் குறிக்க, ‘கட்டற்ற’ என்பது வேறொன்றைக் குறிக்கிறது. விக்கிப்பீடியா தமிழில் தன்னைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்றே அழைத்துக்கொள்கிறது. எனவே அப்பத்திகளைத் தமிழ் வகுப்பில் விரைவாகக் கடந்துவிடலாம்.

ஆனால் தமிழ்ச் சொல்லுக்கும் ஒரு குறை உண்டு. ‘கட்டற்ற’ என்றதும் எந்தக் கட்டுப்பாடும் இல்லாதது என்று மாணவர் கொள்ளக்கூடும். குனு பொதுமக்கள் உரிமத்தின் வலிமையே அது விதிக்கும் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. பெற்ற உரிமையைப் பிறருக்கு மறுக்காதே என்னும் அக்கட்டு இல்லையென்றால் அடுத்தவர் அதை மூடிவிடலாம். உரிமங்களை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பரிந்துரைக்கும் வரிசை

1. கேட்ஸின் திறந்த மடல் (1976)
2. குனு அறிக்கை, முழுமையாக (1985)
3. எம்.ஐ.டி. உரிமமும் குனு பொதுமக்கள் உரிமமும்
4. நான்கு உரிமைகளும் திறமூல வரையறையும். ஸ்டால்மனின் 2007ஆம் ஆண்டுக் கட்டுரை
5. ரேமண்டும் பெஸ்ருக்கோவும், ஹார்ட்பிளீட், எக்ஸ்இசட் நிகழ்வுகள்
6. பெங்க்லர் அல்லது வெபர், தேர்ந்த பகுதிகள்
7. கோல்மன், இயன்றால் கெல்ட்டி
8. ரீகிளின் கட்டுரை
9. ஒளிநகல் வழக்கின் தீர்ப்பு
10. எக்பாலின் அறிக்கை, கேட்ஸின் மடல் மீண்டும்

மதிப்பீடு

இவ்வரிசைக்கும் குறைகள் உண்டு. ஆங்கிலம் அறிந்தவருக்கே பெரும்பகுதி எட்டும். குனு தளத்தில் சில கட்டுரைகளுக்குத் தமிழாக்கங்கள் உள்ளன. ஆய்வு நூல்களைத் தமிழில் கொண்டுவரும் வேலை இன்னும் காத்திருக்கிறது. கெல்ட்டியின் நூலைப் போல உரிமம் இடம் கொடுப்பவற்றிலிருந்து அதைத் தொடங்கலாம். ஒரு பருவத்தில் ஓர் அத்தியாயத்தை மாணவர் குழுவே மொழிபெயர்த்து, பிழை திருத்தி, அதே உரிமத்தில் வெளியிட்டால், அடுத்த ஆண்டு வருபவருக்கு அது வாசிப்பாகும். அடுத்த ஆண்டு மாணவர் அதைத் திருத்தவும் வேண்டியிருக்கும். வெளியிட்டதைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்னும் கேள்வி அப்போது அவர்களுக்கு ஏட்டுக் கேள்வியாக இருக்காது.